அப்பாவின் வலது கை

அக்கா இனி என் பின்னால் உட்கார மாட்டாளாம். அதை என்னிடமே சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். நான் பக்கத்தில் நின்று அவள் சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டிருக்கும்போது அப்பாவிடம் சொன்னாள்.

"நாளைக்கு டாக்டர்கிட்ட நீங்களே கூட்டிட்டுப் போங்கப்பா. உங்க பின்னாடின்னா எனக்குப் பயமில்லை."

அப்பா என்னைப் பார்க்காமல் தலையாட்டினார். நான் கழுவிய தட்டையே இன்னொரு முறை கழுவினேன்.

அவளைக் குறை சொல்லவும் முடியாது. வண்டியை ஓட்டியது நான். விழுந்தது இரண்டு பேரும். எனக்கு முழங்கையில் தோல் உரிந்ததோடு சரி. அவளுக்கு வலது தோளோடு சேரும் கழுத்தெலும்பு முறிந்துவிட்டது. அக்கா அழகு நிலையத்தில் முடி வெட்டுபவள். கை தோளுக்கு மேலே போனால்தான் அவளுக்குத் தொழில். "எலும்பு கூடிட்டு வருது. ஆனா இந்த நேரத்துல இன்னொரு அடி பட்டா ஆபரேஷன்தான். அப்புறம் கை முழுசா மேல வருமான்னு என்னால உறுதி சொல்ல முடியாது" என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதைக் கேட்டதிலிருந்து, வலது கையைக் கழுத்தில் மாட்டிய துணித் தொட்டிலில் தொங்கவிட்டுக்கொண்டு, கதவு நிலைக்குக்கூட ஒதுங்கி ஒதுங்கி நடந்தாள். நான் எதிரே வந்தால் இன்னும் கொஞ்சம் அதிகமாக ஒதுங்கினாள்.

எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். நான் என்ன தப்புப் பண்ணினேன்? அது தெரிந்தால் அவள் காலில்கூட விழுந்துவிடுவேன். என்னவென்றே தெரியாத தப்புக்கு எப்படி மன்னிப்புக் கேட்பது?

நடந்தது இவ்வளவுதான். காலையில் அக்காவை வேலைக்கு விடப் போய்க்கொண்டிருந்தேன். புதிதாகக் கட்டடம் எழும்புகிற ஒரு தெருவில் மணல் சிதறிக் கிடந்தது. ஓரமாக நின்ற காரில் ஒருவர், பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்க்காமல், கதவைத் திறந்தார். நான் பிரேக் பிடித்தேன். காலால்தான் பிடித்தேன். அடுத்து எனக்குத் தெரிந்தது கன்னத்துக்குப் பக்கத்தில் தார்ச்சாலை. நடுவில் என்ன நடந்தது என்று யார் கேட்டாலும் பேந்தப் பேந்த விழிப்பதைத் தவிர எனக்கு வழியில்லை.

காலால்தான் பிடித்தேன் என்று அவ்வளவு உறுதியாக எப்படிச் சொல்கிறாய் என்று கேட்கலாம். எங்கள் வீட்டில் முன் பிரேக் என்ற ஒன்றே கிடையாது. அப்பா வாலிபத்தில் ஒருமுறை முன் பிரேக்கைப் பிடித்து, ஹாண்டிலைத் தாண்டிப் பறந்து, முன்பல்லைச் சாலைக்குக் கொடுத்துவிட்டு வந்தவர். அன்றிலிருந்து எந்த வண்டி வீட்டுக்குள் வந்தாலும், அது வாசலைத் தாண்டியதும் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். முன் பிரேக் கம்பியை முழுக்கத் தளர்த்திவிட்ட பிறகுதான் எழுந்திருப்பார். பூட்டுக்கடை வைத்திருப்பவர். எதையும் மூடினால் இறுக்க மூடுவார், திறந்தால் அகலத் திறப்பார், நடுவில் ஒன்றும் தெரியாது. அதற்குப் பிறகு வலது கை லீவரை எவ்வளவு அழுத்தினாலும் அது லொடலொடவென்று வந்து கைப்பிடியில் முட்டும். சக்கரத்துக்கு ஒரு சேதியும் போகாது.

"வலது கை ஓட்டறதுக்கு, வலது கால் நிறுத்தறதுக்கு. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க" என்று சொல்லித்தான் எங்கள் இருவருக்கும் வண்டி கற்றுக்கொடுத்தார். அக்கா பயந்து பாதியில் விட்டுவிட்டாள். நான் விடவில்லை. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் எனக்கு வேலை. வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து, குளிர்பெட்டியில் வைத்துக் கொண்டு வர வேண்டும். அப்பா சொல்லிக்கொடுத்தபடிதான் இத்தனை வருடமும் ஊரைச் சுற்றி வந்தேன், ஒரு கீறல் இல்லாமல்.

விழுந்த பிறகு பஸ்ஸில் போய் ரத்தம் எடுத்தேன். முழங்கைக் கட்டைப் பார்த்ததும் ஆளாளுக்கு விசாரித்தார்கள். விசாரிப்பதோடு விட்டால் பரவாயில்லை. ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர், ஊசி கையில் இருக்கும்போதே, "ரெண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடிக்கணும்மா, சமமா" என்றார். அடுத்த வீட்டு அம்மா, "பிரேக்கே பிடிக்காம வளைச்சு ஓட்டியிருந்தா விழுந்திருக்க மாட்டே" என்றார். அந்த அம்மா வண்டியில் ஏறியதே இல்லை என்பது எனக்குத் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு நரம்பைத் தேடினேன். பரிசோதனை நிலைய மேனேஜர், "கிளட்சைப் பிடிச்சியா? அதான் தப்பு" என்றார். காவலாளி, "கிளட்சைப் பிடிக்கலையா? அதான் தப்பு" என்றார். கேட்கக் கேட்க எனக்குத் தலை கிறுகிறுத்தது. படுத்தால் தூக்கத்தில் வலது காலை உதைத்தேன்.

போதாக்குறைக்கு மெக்கானிக் வந்து சேர்ந்தார். சரி செய்த வண்டியைக் கொண்டுவந்து விட்டவர், சாவியைக் கொடுக்கும்போது சாதாரணமாகச் சொன்னார்.

"முன் பிரேக்கை ஒரேயடியா அமுக்கிட்டீங்க. மணல்ல முன் சக்கரம் அப்படியே பூட்டிக்கிச்சு. அதான் சறுக்கிடுச்சு."

"நானா? நான் முன் பிரேக்கைத் தொடவே மாட்டேன்."

"முன் டயரைப் பாருங்க, ஒரே இடத்துல தேய்ஞ்சிருக்கு."

"எங்க வண்டியில முன் பிரேக்கே வேலை செய்யாதுங்க!"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நல்லா ஜம்முனு வேலை செய்யுதே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர்தான் சரி செய்யும்போது இறுக்கியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அவர் மேல் கோபமாகக்கூட வந்தது.

மெக்கானிக் வந்தது அக்கா டாக்டரிடம் போக வேண்டிய நாளுக்கு முந்தின தினம்.

மறுநாள் காலை அப்பா தன் வண்டியைக் கிளப்பினார். அவர் வண்டிக்கு வீட்டில் 'எருமை' என்று பெயர். நிறமும் அப்படித்தான், வேகமும் அப்படித்தான். அக்கா இடது கையால் அவர் தோளைப் பிடித்து மெல்ல ஏறினாள். போனை ஹெல்மெட்டுக்குள் காதோரம் செருகிக்கொண்டாள். அழகு நிலையத்திலிருந்து யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். நான் வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். "போயிட்டு வா" என்றேன். "ம்" என்றாள். அந்த 'ம்' எனக்கா, ஹெல்மெட் பட்டைக்கா என்று தெரியவில்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

என் வீட்டுக்காரர் நாங்கள் இருவரும் குடியிருக்கும் மாடியிலிருந்து இறங்கி வந்தார். அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். கயிறு அறுந்தாலும் பிரேக் பிடிக்க வேண்டும் என்பதுதான் அவர் படித்த படிப்பு. நான் கண்ணைத் துடைப்பதைப் பார்த்துவிட்டார்.

"இன்னும் அந்த மெக்கானிக் சொன்னதையே நினைச்சுட்டு இருக்கியா?"

"நான் கையால பிடிக்கவே இல்லைங்க. சத்தியமா. யாருமே நம்ப மாட்டேங்கறாங்க."

"சரி, வண்டியில ஏறு. பார்த்துடலாம்."

"என்னத்தைப் பார்க்கறது?"

"ஏறேன்."

வண்டி ஸ்டாண்டில் நின்றது. ஏறி உட்கார்ந்தேன். கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். காலையில் வேலைக்குப் போகிற மாதிரி நினைத்துக்கொள், கைப்பிடியை முறுக்கு என்றார். பைத்தியக்காரத்தனமாக இருந்தது. இருந்தாலும் முறுக்கினேன். கடை, திருப்பம், பள்ளிக்கூடம் என்று மனசுக்குள் போய்க்கொண்டிருந்தேன். திடீரென்று முன்னால் டமாரென்று ஒரு சத்தம். தண்ணீர் வாளியைத் தூக்கிப் போட்டிருக்கிறார்.

கண்ணைத் திறந்தேன். வலது கால் பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தது. நான் சொன்னது சரிதான். ஆனால் அவர் என் காலைப் பார்க்கவில்லை. என் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். நான்கு விரல்களும் லீவரைச் சுற்றி, முட்டி வெளுக்கும் அளவுக்கு இறுக்கிக்கொண்டிருந்தன.

"இது நான் பண்ணலை" என்றேன்.

"பின்னே யாரு பண்ணினா?"

விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தேன். லீவரின் மற்ற இடமெல்லாம் கறுப்புப் பூச்சு அப்படியே இருந்தது. விரல் படுகிற இடத்தில் மட்டும் தேய்ந்து வெள்ளி மாதிரி பளபளத்தது. தொடவே மாட்டேன் என்று ஊர் முழுக்கச் சத்தியம் செய்தேனே, அந்த இடம். எத்தனை வருடமாக ஒவ்வொரு தடவையும் காலோடு கையையும் சேர்த்து இறுக்கியிருக்கிறேன்! செத்த லீவர் என்பதால் எதுவும் நடக்கவில்லை. எதுவும் நடக்காததால் எனக்குத் தெரியவும் இல்லை. பயத்தில் பக்கத்தில் இருப்பதை இறுக்கிப் பிடித்துக்கொள்கிற கை அது, அவ்வளவுதான்.

"ஆனா அன்னிக்கு லூஸாத்தானே இருந்திருக்கணும்? மெக்கானிக் அதுக்கப்புறம்தானே இறுக்கினார்?"

என் வீட்டுக்காரர் கவிழ்ந்து கிடந்த வாளியை நிமிர்த்தி வைத்தார்.

"மெக்கானிக் இல்லை. நான்தான். நீங்க விழறதுக்கு முந்தின நாள் செயினுக்கு எண்ணெய் போட்டேன்ல, அப்ப பார்த்தேன். பிரேக் தொளதொளன்னு கிடந்துது. உசுரோட விளையாடற மாதிரி இருந்துச்சு. இறுக்கிட்டேன். மாமாவுக்குத் தெரிஞ்சா சண்டை வரும்னு சொல்லலை."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல!"

"நீதான் முன் பிரேக்கைத் தொடவே மாட்டேன்னியே! அப்புறம் அது எப்படிக் காரணமாகும்? தொடாத பிரேக் இறுக்கமா இருந்தா என்ன ஆகிடப் போகுதுன்னு நான் நினைச்சுட்டு இருந்தேன்."

எனக்குக் கோபப்படத் தெரியவில்லை. யார் மேல் படுவது? நல்லது செய்யத்தான் இறுக்கினார். நல்லது செய்யத்தான் அப்பா தளர்த்தினார். நடுவில் என் கை. தலையைப் பிடித்துக்கொண்டு வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் எருமையின் லீவர் கண் முன்னால் வந்தது. சின்ன வயதில் அப்பாவுக்கு முன்னால் டாங்கின் மேல் உட்கார்ந்து போவேன். அந்த லீவரில் என் முகம் தெரியும். அவ்வளவு பளபளப்பு. முன் பிரேக்கைத் தொட்டால் பல் போகும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொண்டே, தானும் அதைப் பிடித்துத் தேய்த்திருக்கிறார் மனுஷன்.

"நல்ல வேளை, அப்பா வண்டியில அது லூஸா இருக்கு" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"நேத்து சாயந்திரம்…" என்றார். "அண்ணி அதுல போகப் போறாங்களே, மாமா வண்டி நல்லா நிக்கணுமேன்னு…"

அதற்கு மேல் கேட்க ஒன்றுமில்லை. அப்பா வண்டி ஓட்டும்போது போனை எடுக்க மாட்டார். அக்காவைக் கூப்பிட்டேன். துண்டித்தாள். எனக்கென்று வைத்த ரிங்டோனைக் கேட்டுத்தான் துண்டித்திருப்பாள். மறுபடி கூப்பிட்டேன். மறுபடியும் துண்டித்தாள். "எடுடி, எடுடி" என்று கத்தினேன். மூன்றாவது தடவை எடுத்தாள்.

"என்ன?"

"எங்க இருக்கீங்க?"

"பாலத்து மேல. இறங்கப் போறோம். எதுக்கு?" பிறகு அவளே சொன்னாள், "வண்டி என்னவோ மாதிரி இருக்கு. நிக்கும்போதெல்லாம் முன்னாடி முட்டுது. ரோடு சரியில்லைங்கறார் அப்பா."

அந்த இறக்கம் எனக்குத் தெரியும். இறங்கும் இடத்தில் நாற்சந்தி. பஸ்கள் குறுக்கே வெட்டும். தண்ணீர் லாரிகள் சிந்திக்கொண்டே போவதால் அங்கே சாலை காய்ந்து நான் பார்த்ததில்லை.

"நிறுத்தச் சொல்லு!" என்றார் என் வீட்டுக்காரர்.

"நிறுத்தறதுதாங்க பிரச்சனையே!"

"காலால மட்டும் பிடிக்கச் சொல்லு!"

"காலாலதான் பிடிக்கறேன்னு அப்பா சொல்வார்! நானும் அப்படித்தானே சொன்னேன்?"

"அப்ப மெதுவா பிடிக்கச் சொல்லு!"

எதைச் சொன்னாலும் அப்பா வாதம் பண்ணுவார். திரும்பிப் பார்த்துக்கொண்டே வாதம் பண்ணுவார். எதிரே ஒரு பஸ் வந்தால் நான்கு விரல்களும் தானாக மூடும். அந்த விரல்களிடம் யாராலும் பேச முடியாது. என் கையைப் பார்த்தேன். போனைப் பிடித்திருந்தது. போனைப் பிடித்திருக்கிற கை லீவரைப் பிடிக்காது.

"அக்கா, நான் சொல்றதை மட்டும் செய். அப்பாவோட வலது கையை வாங்கிக்கோ."

"என்னது?"

"ஹாண்டில்ல இருந்து கையை எடுக்க வை. வலது கையை. முறுக்கறது நின்னா வேகம் தானா குறைஞ்சிடும், கால் பிரேக் இருக்கு. கைக்குள்ள உன் கையைக் குடு, விடாதே. ஏன்னு அப்புறம் சொல்றேன்."

காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு தடவை என்னை நம்பி உட்கார்ந்ததற்குத்தான் கையைத் தொட்டிலில் போட்டுக்கொண்டிருக்கிறாள். இப்போது ஓடுகிற வண்டியில், ஓட்டுகிறவர் கையை எடுக்கச் சொல்கிறேன். நானாக இருந்தால் போனை வைத்திருப்பேன்.

"அக்கா, தயவுசெஞ்சு."

"அப்பா" என்று அவள் குரல் கேட்டது. எனக்கு உயிரே போய்விட்டது. பிரேக் என்று சொல்லிவிடாதே, பிரேக் என்று சொல்லிவிடாதே.

"அப்பா, தோள் வலிக்குதுப்பா. தாங்க முடியலை. உங்க கையைக் குடுங்க."

வண்டி ஓட்டும்போது மூக்கு அரித்தால்கூட ஹாண்டிலை விடாத மனுஷன் அவர். மழையில் கண்ணாடி நனைந்தாலும் துடைக்க மாட்டார். ஆனால் இன்ஜின் சத்தம் சட்டென்று இறங்கியது. "ஐயோ, பெரியவளே! என்னம்மா, இந்தா, பிடிச்சுக்கோ" என்றார். பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள். "பெருசு, நடு ரோட்டுல என்ன கொஞ்சல்?" என்று ஒருவன் திட்டிக்கொண்டு போனான். கால் பிரேக் நீளமாகக் கிறீச்சிட்டது. அதற்குப் பிறகு ஹாரன்கள் மட்டும்தான்.

"ஓரமா நின்னாச்சு" என்றாள் அக்கா. "கையை விடட்டுமா?"

"விடாதே! முதல்ல வண்டியை ஆஃப் பண்ணச் சொல்லு."

"இடது கையால பண்றார்… ம், பண்ணியாச்சு. இப்ப சொல்லு."

சொன்னேன். வாளி, லீவர், எண்ணெய் போட்ட நாள், எருமை, எல்லாவற்றையும் முன்னுக்குப் பின்னாகப் போட்டுக் குழப்பி ஒரே மூச்சில் சொன்னேன். அவளுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. நடுநடுவே, "வலி எப்படி இருக்கு? ஆட்டோ கூப்பிடட்டுமா?" என்று அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார்.

"வலியெல்லாம் இல்லைப்பா. சும்மா இருங்க" என்றாள் அவரிடம். பிறகு என்னிடம், "அப்ப அன்னிக்கு விழுந்தது உன் தப்பில்லையா?"

அந்தக் கேள்விக்குத்தான் இத்தனை நாளாகப் பதில் தேடினேன். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், எல்லாம் முடிந்துவிடும்.

"தெரியலைக்கா" என்றேன். "என் கைதான் பிடிச்சுது. எனக்குத் தெரியாம பிடிச்சுது. அதுக்கு என்ன பேருன்னு எனக்கு இன்னும் புரியலை."

பக்கத்தில் என் வீட்டுக்காரர் ஸ்பேனரோடு வந்து நின்றார். என் வண்டியின் முன் சக்கரத்தைக் காட்டி, "மறுபடி லூஸ் பண்ணிடட்டுமா?" என்று சைகையில் கேட்டார். பாவமாக இருந்தது. வேண்டாம் என்று தலையாட்டினேன்.

போனில் அக்கா அப்பாவை வண்டியை விட்டு இறங்கச் சொல்வது கேட்டது.

"சரி, நீ வா" என்றாள். "டாக்டர்கிட்ட போகணும்ல. எருமை இங்கயே நிக்கட்டும்."

"ஆட்டோ பிடிச்சு வரட்டுமா?"

"எதுக்கு? வண்டியில வா."

"என் பின்னாடியா உட்காரப் போறே?"

"நம்ம வீட்டுல தன் கை என்ன பண்ணுதுன்னு தெரிஞ்சவ இப்போதைக்கு நீ ஒருத்திதான்டி. சீக்கிரம் வா, கையை விட்டா இவர் மறுபடி வண்டியைக் கிளப்பிடுவார்."

எருமை வேகத்தில்தான் போனேன். ஒவ்வொரு திருப்பத்திலும் என் விரல்களைத் திருடனைக் கவனிப்பதுபோல் கவனித்தேன். ஒவ்வொரு முறையும் அவை லீவரை நோக்கி நழுவின. ஒவ்வொரு முறையும் திட்டி நிறுத்தி, கொஞ்சம் கொஞ்சமாக மட்டும் அழுத்த விட்டேன். பாலத்து ஓரத்தில் அவர்கள் நின்றிருந்தார்கள். "என் வண்டியை யாரு தொட்டது?" என்று அப்பா தூரத்திலிருந்தே கத்தினார். ஆனால் கையை ஆட்டிக் கத்த அவரால் முடியவில்லை. அக்கா இன்னும் அதைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.